ஒன்றாம் எண் இசைத்தட்டு

என் வீட்டுக்காரருக்குத் தராசு சரிபார்க்கும் உத்தியோகம். கடை கடையாகப் போவார். வெல்வெட் துணி விரித்த மரப்பெட்டியைத் திறந்து பித்தளை எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் சீல் வைத்துக் கையெழுத்துப் போடுவார். இரண்டு கிராம் குறைந்தாலும் சீல் கிடையாது, கடைக்காரர் சொந்த மாமனாராகவே இருந்தாலும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கல்யாணமான ஆறாம் மாதம் அவருடைய தராசுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி என்னிடம் டீ கேட்ட ஆள் இவர். அதற்கப்புறம் அப்பா இரண்டு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. தெருவில் இவருக்கு எடைக்கல் என்று பெயர். அது கேலியா மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. முன்னறையில் ஒரு சுவர் முழுக்க அலமாரி. அதில் நானூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகள். அத்தனையும் கிறிஸ்துமஸ் பாட்டு. எங்கள் வீட்டில் யாரும் தேவாலயத்துப் பக்கம் போகிறவர்கள் அல்ல. ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டும் வெயிலில், ஞாயிற்றுக்கிழமை காலையில், பனி விழுகிறது பனி விழுகிறது என்று ஒரு கூட்டம் எங்கள் ஜன்னல் வழியாகப் பாடும். எதிர்வீட்டுக்காரி முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். மறை கழன்ற கேஸ் என்று முடிவு கட்டியிருப்பாள்.

பாட்டுக்காக இவர் சேர்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு காலத்தில் டயர் கம்பெனி, சோப்புக் கம்பெனி, இன்ஷூரன்ஸ்காரர்கள் என்று எல்லாரும் கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு இசைத்தட்டு போட்டு வாடிக்கையாளர்களுக்குச் சும்மா கொடுத்திருக்கிறார்கள். வெறும் பாட்டை யார் சீண்டுவார்கள்? அதனால் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பிரபலத்தைப் பிடித்து ஒவ்வொன்றிலும் நுழைத்துவிடுவார்கள். டயர் கம்பெனி தட்டில் ஒரு குத்துச்சண்டை வீரர் தாலாட்டுப் பாடுவார். மூக்கு எத்தனை முறை உடைந்ததோ, பாட்டு முழுக்கச் சளி பிடித்த குரல். தையல் மிஷின் கம்பெனி தட்டில் ஒரு வில்லன் நடிகர், படத்தில் ஆளைக் குத்துகிற அதே குரலில், குழந்தை தூங்குகிறது சத்தம் போடாதீர்கள் என்பார். எந்தக் குழந்தை தூங்கும்? வானொலியில் வானிலை வாசித்த ஒருவர், கிழக்கே நட்சத்திரம் தோன்றியதைக் காற்றின் வேகத்தோடு சேர்த்து வாசிப்பார். ஒரு சதுரங்க வீரர் நாற்பது நிமிஷத் தட்டில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார், அதையும் யோசித்து யோசித்து.

இதையெல்லாம் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அவர் சிரிக்கமாட்டார். நோட்டை எடுத்து எழுதுவார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தடித்த அட்டை, நீளமான பக்கங்கள், ஆபீஸ் பதிவேடு மாதிரி கோடு போட்டது. எண், ஆண்டு, வெளியிட்டவர், எதிர்பாராத விருந்தாளி, நிலைமை என்று ஐந்து கட்டங்கள். நிலைமைக் கட்டத்தில் ஒரு கீறலைக்கூட மறைக்கமாட்டார். தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொள்ள யாராவது வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுவார். ஒருமுறை ஒருவர் ஆசையாக ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது, "மூணாவது பாட்டுல ஒரு இடத்துல லேசா தும்முற மாதிரி வரும், யோசிச்சுக்குங்க" என்று சொல்லி, கைக்கு வந்த மாற்றைக் கெடுத்துக்கொண்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கழுவுவதிலும் அதே கறார். ஸ்பிரிட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்து ஒரு பழுப்பு பாட்டிலில் வைத்திருப்பார். எந்தத் தட்டு வந்தாலும் அந்தத் திரவத்தைப் பஞ்சுத்துணியில் தொட்டு, நடுவில் உள்ள லேபிள் ஓரத்தில் தொடங்கி, வட்டம் வட்டமாக வெளியே வருவார். "கழுவாத தட்டுல ஊசி படக்கூடாது" என்பதுதான் இந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம். கல்யாணமான நாளிலிருந்து ஆயிரம் முறை கேட்டிருப்பேன்.

நோட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. முதல் வரி காலி. எண் ஒன்று என்று மட்டும் எழுதியிருக்கும். கணக்கு இரண்டிலிருந்து தொடங்கும். ஏழு வருஷம் அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேன்.

"ஏங்க, கணக்குல புலியா இருக்கிறவருக்கு ஒண்ணு எங்கன்னு தெரியலியா?"

அவர் பேனாவை மூடினார். பிறகு, "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா" என்றார்.

ஏழு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அவருக்கு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து. உருவம் சிறிசு, காரம் அதிகம், அதனால் வீட்டில் அவளை மிளகு என்று கூப்பிட்டார்கள். நெஞ்சில் ஏதோ கோளாறு. பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விடமாட்டார்கள். இவர் கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மூன்றாவது மாடியில் நாலாவது ஜன்னலைப் பார்ப்பார். அம்மா உள்ளிருந்து அவள் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டுவாள். முகம் தெரியாது, கை மட்டும் தெரியும்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு, ஊரெல்லாம் பேர்போன ஒரு மல்யுத்த வீரர் அந்த வார்டுக்கு வந்தாராம். கூடவே ஒலிப்பதிவுக்காரர்களும் வந்தார்கள். படுக்கை படுக்கையாகப் போய், உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்டார். அதை அப்படியே இசைத்தட்டாகப் போட்டு ஆஸ்பத்திரிக்கு உதவியவர்களுக்கும் அந்தக் குழந்தைகளின் வீடுகளுக்கும் அனுப்பினார்கள். தட்டு வீட்டுக்கு வந்தபோது மிளகு போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. இவர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், அம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை கேட்டிருக்கிறாள். சாயங்காலம் தட்டு வீட்டில் இல்லை. மிளகு என்ன கேட்டாள் என்று இவர் கேட்டதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. அப்பா, "இனிமே அந்தப் பேச்ச எடுக்காத" என்றார். இரண்டு பேரும் கடைசிவரை வாயைத் திறக்காமலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

"என்ன கேட்டிருப்பா, ஒரு பொம்மை கேட்டிருப்பா" என்றேன் நான். ஆறுதல் சொல்கிற நினைப்பு எனக்கு.

அவர் எழுந்து போய் எடைக்கல் பெட்டியைத் திறந்தார். சின்னக் கற்களுக்கான தட்டைத் தூக்கினால் அடியில் ஒரு மவுத் ஆர்கன். தகரம் மங்கி, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்று காலையில் அவள் அதைக் கேட்டிருக்கிறாள். இவர் கொடுக்கவில்லை.

"எச்சி பண்ணிடுவ, போடின்னு சொன்னேன்" என்றார். "அவ அந்த ஆள்கிட்ட இதைத்தான் கேட்டாளான்னு தெரியணும். வேற எதையாவது கேட்டிருந்தா... வேற எதையாவது கேட்டிருந்தா போதும்."

அவ்வளவுதான் விஷயம். டயர் கம்பெனியும் குத்துச்சண்டைக்காரரும் வானிலைக்காரரும் வலையில் சேர்ந்து வந்த மீன்கள். இவர் தேடியது ஒன்றை. அப்படியொரு தட்டைத் தேட வேண்டுமானால், பழைய கிறிஸ்துமஸ் தட்டுகளை எங்கெல்லாம் மூட்டையாகக் கட்டிப் போடுகிறார்களோ அங்கெல்லாம் போக வேண்டும். போனார். வெறுங்கையோடு வர மனமில்லாமல் கிடைத்ததை எடுத்துவந்தார். பிறகு அதுவே ஒரு பழக்கமாகிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் புதுக் கட்டு ஒன்றைப் பிரிக்கும்போதெல்லாம் அவர் விரல் எதைத் தேடுகிறது என்று அன்றிலிருந்து எனக்குத் தெரியும். கட்டின் அடி வந்ததும் அந்த முகம் எப்படி ஆகும் என்பதும் தெரியும். இருபத்தைந்து வருஷம் அந்த முகத்தைப் பார்த்தேன். கேலி பண்ணுவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று தோன்றியது.

இனி என் கதை. எனக்கு டிரைகிளீனிங் கடையில் வேலை. முன்பக்கம் ரசீது போடுகிற வேலை இல்லை. பின்பக்கம், கறை மேசை. மை, துரு, எண்ணெய், ரத்தம், எது பட்ட துணியானாலும் கடைசியில் என்னிடம்தான் வரும். முப்பது வருஷம். எந்தக் கறைக்கு எது, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று என் விரலுக்கே தெரியும். வெள்ளைத் துணியில் அழுக்கு இறங்கி வருவதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். என் கைக்குப் போகாத கறை இல்லை என்று முதலாளியே வாடிக்கையாளர்களிடம் சொல்வார். கர்வம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது.

அவர் ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. காலை பத்து மணி இருக்கும். பேக்கரிக்காரர் வந்தார். அவரும் தட்டுப் பைத்தியம்தான், நாட்டிய இசை சேர்க்கிறவர். இருபது வருஷமாக என் வீட்டுக்காரரோடு தட்டு மாற்றிக்கொள்கிறவர், மிளகு விஷயம் தெரிந்த இன்னொரு ஆள். மாவு படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் துணி சுற்றிக் கட்டிய ஒன்றை மேசையில் வைத்தார். குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்தார்.

"அண்ணி, உக்காருங்க மொதல்ல" என்றார்.

"என்ன தம்பி, பீடிகை பலமா இருக்கு?"

"அந்த ஆஸ்பத்திரியில வேலை பாத்த நர்சம்மா ஒருத்தங்க தவறிட்டாங்க. வீட்டைக் காலி பண்ணினாங்க. பெட்டியில இது இருந்துச்சு."

லேபிளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் படம். குழந்தைகள் பிரிவில் ஒரு கிறிஸ்துமஸ் என்று எழுதியிருந்தது. கீழே, சிறப்பு விருந்தாளி என்று அந்த மல்யுத்த வீரரின் பெயர்.

"கேட்டீங்களா தம்பி?"

"சேச்சே. அண்ணன் கேக்காம நான் எப்படிக் கேப்பேன்? தேடினவர்தான் மொதல்ல கேக்கணும். அது எங்களுக்குள்ள ஒரு மரியாதை. நீங்களே அவர் கையில குடுங்க அண்ணி. ரொம்ப அழுக்கா இருக்கு, பாத்துக்குங்க."

டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

எனக்கு ஏழு மணிநேரம் இருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் வருவார், கை கால் கழுவுவார், டீ கேட்பார். அப்போது தட்டு பாட்டு மிஷின்மேல் தயாராக இருக்க வேண்டும், ஊசியை வைப்பது மட்டும்தான் அவர் வேலையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கழுவாத தட்டில் ஊசி படக்கூடாது. அவர் அதைப் பார்த்துவிட்டு, கழுவி, காயவைத்து, அதுவரை தாங்குவாரா? ஐம்பத்தொரு வருஷம் காத்தவரை இன்னும் ஒரு மணிநேரம் காக்க வைப்பானேன்? இதுவரை நான் ஒரு தட்டைக்கூடத் தொட்டதில்லை. அவர் தொடவிட்டதும் இல்லை, நான் ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் அழுக்கு எடுப்பது என் தொழில். அவர் எப்படிச் செய்வார் என்று முப்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன்.

முன்னறை மேசையில் வெள்ளைத் துண்டு விரித்தேன். பழுப்பு பாட்டிலை எடுத்தேன். தட்டு மற்றவற்றைவிடக் கனமாக இருந்தது. வளையவில்லை. பழைய சாமான், அப்போதெல்லாம் கெட்டியாகச் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் செய்கிற மாதிரியே லேபிள் ஓரத்தில் தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே வந்தேன்.

துணியில் கறுப்பாக வந்தது.

சந்தோஷப்பட்டேன். கடவுளே, நான் சந்தோஷப்பட்டேன். ஐம்பது வருஷத்து அழுக்கு, வராமல் என்ன செய்யும் என்று துணியைத் திருப்பி மடித்து இன்னும் கொஞ்சம் திரவம் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். வர வரக் கறுப்பு. கறை மேசையில் இப்படி வந்தால், ஆச்சு, ஜெயித்தோம் என்று அர்த்தம். பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று நினைவு. நாலு துணி மாற்றினேன். ஐந்தாவது துணியை எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் தட்டின்மேல் விழுந்தது. வெளி ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி பளபளப்பு. நான் தேய்த்த இடமெல்லாம் சாம்பல் நிறம். ஊசி ஓடும் வரிகள் இல்லை. விரல் நுனியால் தொட்டேன், ஒட்டியது.

வந்தது அழுக்கு இல்லை.

அந்தக் காலத்துத் தட்டுகள் அரக்கில் செய்தவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இது தட்டு சேர்க்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும், முதல் நாளே தெரிந்துகொள்வார்கள். அவருடைய நானூற்றுப் பன்னிரண்டும் பின்னால் வந்த பிளாஸ்டிக் தட்டுகள். அவற்றை ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது. அரக்குத் தட்டு ஒன்றுகூட இந்த வீட்டுக்குள் வந்ததில்லை, அதனால் அதைப் பற்றி என்னிடம் சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. சட்டத்தை மட்டும் ஆயிரம் முறை கேட்டிருந்தேன். விலக்கை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஐந்தரைவரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒளித்துவிடலாமா என்று தோன்றியது. ஆம், தோன்றியது. பேக்கரிக்காரரின் காலில் விழுந்து, வரவே இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சலாமா என்றும் யோசித்தேன். இரண்டு கிராமுக்காக மாமனார் தராசைப் பூட்டிய மனிதரிடம் எப்படி மறைப்பது? அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். பெட்டியைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"கெடைச்சுதுங்க" என்றேன். "கெடைச்சுது. நான் கழுவிட்டேன்."

அவர் கை கால் கழுவவில்லை. தட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்து ஜன்னலுக்குக் கொண்டுபோனார். சாய்த்துப் பார்த்தார். லேபிளைப் படித்தார். உதடு அசைந்தது. கறுத்துப்போன நாலு துணிகளையும் பார்த்தார். அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தார், ஏன் என்று தெரியவில்லை.

"வெளி ஓரம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"ஏங்க, ஏதாவது சொல்லுங்க."

"தட்டு ஓரத்துலதான் தொடங்கும். உள்ள போகப் போகத்தான்... நாலாவது ஜன்னல்னா நாலாவது கட்டில். அது எங்க வருதுன்னு பாப்போம்."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தீப்பெட்டி எடுத்தார். உள்ளே பஞ்சில் ஒரு ஊசி. அரக்குத் தட்டுக்கு வேறு ஊசி வேண்டுமாம். வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். அதை மாற்றினார், வேகத்தைக் கூட்டும் விசையைத் தள்ளினார். அந்த விசையைத் தள்ளி நான் பார்த்ததில்லை.

முதலில் நர்சுகள் பாடினார்கள், நாலே வரி. பிறகு காலடிச் சத்தம், கனமான ஆள் நடக்கிற சத்தம். குழந்தைகள் கீச்சிட்டன. அந்த மல்யுத்த வீரருக்கு, ஆளுக்குச் சம்பந்தமில்லாமல், மெல்லிய குரல், வாத்தியார் குரல். முதல் படுக்கைப் பையன் சைக்கிள் கேட்டான். இரண்டாவது குழந்தை எதுவுமே சொல்லாமல் அழுதது. மூன்றாவது பெண் எனக்குப் பரிசு வேண்டாம் வீட்டுக்குப் போகணும் என்றாள். மறுபடி காலடி. கட்டில் கிறீச்சிட்டது, உட்கார்ந்தார் போலிருக்கிறது.

"இது யாரு இது, மூஞ்சிய இப்படி வச்சிருக்கிறது?"

"மிளகு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டைக் குரல். ஐந்து வயதுக் குழந்தைக்கு அப்படியொரு கட்டைக் குரலா என்று இருந்தது எனக்கு.

"மிளகா! காரமா இருப்பியோ? சரி மிளகு, உனக்கு நான் என்ன கொண்டு வரட்டும்?"

ஒரு இருமல். மூச்சு இழுக்கும் சத்தம்.

"எனக்கு ஒரு..."

அதோடு ஊசி நான் தேய்த்த இடத்துக்குள் போனது. சல்லடையில் மணல் சலிக்கிற மாதிரி ஒரு இரைச்சல். அவர் ஊசியைத் தூக்கவில்லை. காதை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லேபிள்வரை அந்த இரைச்சலைக் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் அந்த மனிதர் சிரித்த மாதிரி எனக்குக் கேட்டது. அது இரைச்சல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னும் ஒருமுறை போட்டார். "எனக்கு ஒரு" என்ற இடத்தில் ஊசியைத் தூக்கினார். அதற்குமேல் போடவில்லை. போடப் போட இருப்பதும் தேயும்.

"ஒருன்னு சொன்னா" என்றார் கடைசியில். "ஒரேயொரு சாமான்தான் கேட்டிருக்கா. அது மவுத் ஆர்கனாத்தான் இருக்கணும்னு இல்லியே?"

"இல்லவே இல்லைங்க. பொம்மைதான் கேட்டிருக்கும். அந்த வயசுல பொம்பளப் புள்ளைங்க வேற என்ன கேக்கும்?"

"ஆமா" என்றார்.

எடைக்கல் வைத்துப் பார்க்காமல், தராசு சரியாகத்தான் இருக்கிறது என்று சத்தியம் பண்ணுகிற கடைக்காரர்களுக்கும் அவர் இப்படித்தான் ஆமா சொல்லுவார். சொல்லிவிட்டு, சீல் வைக்காமல் வந்துவிடுவார்.

பிறகு டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. நான் அழுதால், "விடு" என்பார். பேக்கரிக்காரர் மறுநாள் ஆசை ஆசையாகப் போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் மாவு பிசையும் மிஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. "நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் அண்ணி" என்றார். அவர் பழியைத் தானே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். எனக்கென்று கொஞ்சமும் மிச்சம் வைக்கவில்லை. வேறு பிரதி இருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்த எல்லாருக்கும் எழுதிப் போட்டார். இல்லை என்று ஆறு பேர் எழுதினார்கள். மற்றவர்கள் பதிலே போடவில்லை.

கடையில் முதலாளியிடம் சொல்லி, துணி மடிக்கிற பக்கம் மாற்றிக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். கண் சரியில்லை என்றேன். ஸ்பிரிட் வாசனை வந்தால் எனக்கு விரல் நுனியில் அந்த ஒட்டல் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது பாட்டு இல்லை. குத்துச்சண்டைக்காரரும் வானிலைக்காரரும் அலமாரியில் வாய் மூடி நிற்கிறார்கள். ஒருநாள் எதிர்வீட்டுக்காரி, "என்னக்கா, மிஷின் ரிப்பேரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவர் ஓய்வு பெற்றார். எடைக்கல் பெட்டியை ஆபீஸில் ஒப்படைத்தார். மவுத் ஆர்கனை வெளியே எடுத்து எங்கே வைத்தார் என்று நான் தேடவில்லை. பகலெல்லாம் அந்த முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். பேசினால் பதில் சொல்கிறார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்கிறார். முன்பெல்லாம் தேடினார், இப்போது தேட எதுவும் இல்லை. தேட எதுவும் இல்லாத மனிதரை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது.

போன வாரம் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது அலமாரியைத் துடைத்தேன், ஈரத்துணியால், வெறும் தண்ணீரில். நோட்டு குறுக்காகக் கிடந்தது. முதல் பக்கத்தைத் திறந்தேன். ஒன்றாம் வரி நிரம்பியிருந்தது.

ஆண்டு, ஆஸ்பத்திரியின் பெயர். எதிர்பாராத விருந்தாளி என்ற கட்டத்தில் மல்யுத்த வீரர். நிலைமைக் கட்டத்தில் அந்த மணி மணியான எழுத்து: "வெளி ஓரம் இரண்டு விரல் அகலம் நன்று. மற்றது ஸ்பிரிட் பட்டு அழிந்தது. அரக்கு என்று பாராமல் கழுவியவன் நான்." கீழே கையெழுத்து, தேதி. வேறெந்த வரிக்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. தராசுக்குச் சீல் வைக்கும்போது போடுகிற அதே முழுக் கையெழுத்து.

தும்மல் மாதிரி வரும் ஒரு கீறலைக்கூட மறைக்காத நோட்டு. அதில் இருக்கிற ஒரே பொய் இது, அதுவும் எனக்காக. பேனாவை எடுத்தேன். அடித்துவிட்டு என் பெயரை எழுத நினைத்தேன். கையெழுத்துப் போட்ட பின் அதில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்பது அவருடைய ஆபீஸ் சட்டம். ஏற்கெனவே ஒருமுறை அவருடைய சாமானில் கை வைத்தவள் நான். பேனாவை மூடினேன்.

அவர் திட்டியிருந்தால் ஒரு நாளில் அழுது தீர்த்திருப்பேன். இது தீராது. நோட்டை அது கிடந்த மாதிரியே குறுக்காக வைத்துவிட்டு, அவர் வருகிற நேரமாகிறது என்று டீக்குத் தண்ணீர் வைத்தேன்.